நடுவில் ஐந்து பாட்டு

1

இன்று மத்தியானம் ஈப்போவை அடுத்த புந்தோங்கில் ஒரு கிராமபோனைப் பழுது பார்த்துக் கொடுத்துவிட்டு நடந்து வந்துகொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்குள்ளிருந்து பெண்கள் சேர்ந்து பாடும் சத்தம் கேட்டது. நம் ஊர்ப் பதிகம். ஏழாவது பாட்டு. கால் தானாக நின்றுவிட்டது. வாசலுக்கு வந்த ஒரு அம்மாள் என்னைப் பார்த்து, "ஏண்ணே வேலியோரமா நிக்கிறீங்க? சாமி பாட்டுலா, உள்ள வந்து ஒக்காந்து கேளுங்க" என்றாள். "ஆயிரம் வருஷத்துப் பாட்டாம்ணே இது" என்று வேறு சொன்னாள்.

அந்த ஏழாவது பாட்டை எழுதியவன் நான். போன வருஷம் எழுதினேன்.

வேலை இருக்கிறது என்று சொல்லி நழுவி வந்து, கடையைப் பாதி சாத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஊரிலிருக்கும் உங்களுக்குத்தான் எழுதுகிறேன். தபால் நின்று மூன்று வருஷம் ஆகப்போகிறது, போய்ச் சேர வழி இல்லை என்பது தெரியும். தேதி போடலாமென்றால் அதுவும் தகராறு. இங்கே ஜப்பான்காரன் ஆபீசில் கேட்டால் அவர்கள் கணக்கில் 2604 என்று போடச் சொல்கிறார்கள். வீட்டில் தாரண வருஷம் ஐப்பசி. கடைச் சுவரில் கடிகாரம் தோக்கியோ நேரத்தில் ஒன்றரை மணி முன்னால் ஓடுகிறது. வயிறு மட்டும் பழைய நேரத்துக்குத்தான் பசிக்கிறது.

நான் சோலை. செட்டியார்கள் தங்கி வட்டிக்கடை நடத்தும் கிட்டங்கி ஒன்றில் சமையலுக்குக் கைத்துணையாக இருபது வருஷத்துக்கு முன் மலாயாவில் ஈப்போவுக்கு வந்தவன். கை சும்மா இருக்காமல் கெட்டுப்போன கிராமபோன் ஒன்றைப் பிரித்து மாட்டினேன், அதுவே பிழைப்பாகிவிட்டது. மனைவி வள்ளிக்கண்ணு, பன்னிரண்டு வயதில் மகள் தெய்வானை. நான் வேலை பார்க்கும் இசைத்தட்டுக் கடையின் முதலாளி சண்டைக்கு முந்தின கப்பலில் ஊருக்குப் போனவர், அங்கே மாட்டிக்கொண்டார். நான் இங்கே மாட்டிக்கொண்டேன். ஊசி கிடைக்காததால் மூங்கிலைச் சீவி ஊசியாக்கிக் கிராமபோன் பாட வைக்கிறேன். கரகரக்கிறது, ஆனால் பாடுகிறது.

2

நம் பக்கத்து ஆட்களுக்கு அந்தப் பதிகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வேறு ஊர்க்காரர் கையில் இது கிடைத்தால் அவருக்காகச் சொல்கிறேன்.

வழிப்பயணம் போன தோழன் திரும்பி வராததால் அடியார் ஒருவர் எங்கள் ஊர்ச் சிவன் கோயில் வாசலில் நின்று பத்துப் பாட்டுகள் பாடினாராம். பத்தாவது முடிந்தபோது தோழன் தெருமுனையில் வந்து நின்றானாம். கடைசிப் பாட்டு பலன் சொல்கிறது: பத்தையும் குறைவில்லாமல் பாடுகிற வீட்டுக்குப் போனவர் திரும்புவர். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஆம்பிளைகளை அனுப்பிக்கொண்டே இருக்கிற ஊர் இப்படி ஒரு பாட்டை விடுமா? கப்பலேறியவன் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் கூடிப் பத்தையும் பாடுவார்கள். நடுவில் ஒன்று விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து. என் தாயாரும் எனக்காகப் பாடிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் பாடுகிறார்களா, இருக்கிறார்களா, அதுவே எனக்குத் தெரியவில்லை.

நானும் மார்கழியில் பஜனைக் கோஷ்டியோடு தெருவைச் சுற்றியவன்தான். ஆனால் கூட்டத்தோடு கோவிந்தா போட்ட ஆள். முதல் நாலு பாட்டு வரும். நடுவில் வாயை மட்டும் அசைப்பேன். பத்தாவதில் மறுபடி உரத்துச் சேர்ந்துகொள்வேன், அது முடிந்தால் சுண்டல் கொடுப்பார்கள்.

பிறகு நாடகக்காரர் ஒருவர் அந்தப் பதிகத்தை ஆர்மோனியமும் தபலாவும் வைத்து இசைத்தட்டில் பாடினார். தட்டு ஓடுவதோ மூன்று நிமிஷம். முதல் இரண்டு பாட்டுக்கே அது தீர்ந்துவிட்டது. மறுபக்கத்தில் மாமியார் மருமகள் சண்டைப் பாட்டு. ஊரில் பெரியவர்கள் கொதித்துப்போனார்கள் என்று அப்போது கடிதம் வந்தது. பழைய பண்ணில் பாடாமல் நாடக மெட்டில் பாடிவிட்டானாம். நானும் இங்கே உட்கார்ந்துகொண்டு கொதித்தேன். கொதித்துக்கொண்டே அந்தத் தட்டை நூற்றுக்கணக்கில் விற்றேன். கோப்பிக் கடைகளிலும் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிகள் வீடுகளிலும் அதுதான் பாடியது. பால்மரம் வெட்டுகிறவர்கள் கத்தியின் போக்குக்கு அதைப் பாடினார்கள். இழுத்து இழுத்துப் பாடும் பழைய பண்ணுக்கு ரப்பர்க் காட்டில் என்ன வேலை? அந்த நாடகக்காரர் மெட்டை மாற்றியிருக்காவிட்டால் இந்தப் பாட்டு நம் தெருவை விட்டு வெளியே வந்திருக்காது. இதை நினைத்தால் எனக்கு யார் பக்கம் பேசுவது என்று இன்னும் புரியவில்லை. ஆயிரம் வருஷமாக ஆள் போவது நிற்கவில்லை, அதனால் பாட்டும் நிற்கவில்லை என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

ஜப்பான்காரன் வந்த பிறகு கடையிலுள்ள தட்டுகளையெல்லாம் பட்டியல் எழுதி ஆபீசில் முத்திரை வாங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பாட்டு, பாடியவர், எழுதியவர், முகவரி, பொருள் என்று கட்டம் கட்டமாகக் காகிதம். அங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் தைப்பிங்கிலிருந்து வந்த தமிழர், நல்ல மனுஷர்தான்.

"எழுதினவரு முகவரி போடலியே?" என்றார்.

"அவரு போயி ஆயிரம் வருஷம் ஆச்சுங்க."

"அப்ப இறந்தவருன்னு போடணும். எப்படி இறந்தாருன்னு இங்க ஒரு கட்டம் இருக்கு."

"சாமியோட சோதியில கலந்துட்டாருன்னு சொல்லுவாங்க."

அவர் நாற்காலியிலிருந்த அதிகாரியை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு அந்தக் கட்டத்தில் "காணாமல் போனவர்" என்று எழுதி, குனிந்து வணங்கி, முத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டார். மாமியார் மருமகள் பாட்டுக்குத்தான் முத்திரை கிடைக்கவில்லை. குடும்ப ஒற்றுமைக்கு விரோதமாம்.

3

போன வருஷம் ஆடி மாதம் அஞ்சலை கடைக்கு வந்தாள். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துக்காரி, முப்பது வயது இருக்கும். அதற்கு முந்தின மாதம் தோட்டத்துக்கு லாரி வந்தது. சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாதத்தில் திருப்பி அனுப்புவோம் என்று கிராணி பெயர் வாசித்தார். அவள் புருஷன் முனியன் பெயரும் அதில் இருந்தது. தோட்டத்தில் வேலையும் அரிசியும் இல்லாமல் போகவே, அவள் புந்தோங்கில் ஒரு துண்டு நிலத்தில் மரவள்ளி நட்டுக்கொண்டு குடிசையில் இருந்தாள்.

"அண்ணே, கிராணி வீட்டுப் பிளேட்டுல ரெண்டு பாட்டுதான் வரும். ஒங்க பக்கம் பத்தும் பாடுவாங்களாம். பாடுனா போனவங்க வந்துருவாங்களாம். ஒங்களுக்கு முழுசா தெரியுமாண்ணே?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்கு இந்தக் காகிதம் மிச்சம். கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஊர்ப் பெருமை தலைக்கேறிவிட்டது. "தெரியாம என்ன? எங்க ஊருச் சாமி பாட்டாச்சே" என்றேன்.

"அப்ப இந்த வெள்ளிக்கெழம வாங்கண்ணே. பத்தும் வேணும். ஒண்ணுகூட விட்டுறக் கூடாது."

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். ஒன்று முதல் நாலு வரை இருக்கிறது, பத்து இருக்கிறது. நடுவில் ஐந்து பாட்டு இல்லை. ஈப்போவிலிருந்த நம் ஊர்க்காரர் மூன்று பேரைத் தேடிப் போய்க் கேட்டேன். மூன்று பேரும் மார்கழியில் என்னோடு சேர்ந்து வாயசைத்தவர்கள்தான் என்பது அப்போது தெரிந்தது. பெண்கள் பாடும் பாட்டு, பெண்களோ ஊரில். என் மனைவி இங்கேயே பிறந்தவள்.

நாலு நாள் பட்டறைப் பலகையில் உட்கார்ந்து அந்த ஐந்தையும் நானே கட்டினேன். முதல் பாட்டில் வருவது போல ஒரு வயல், ஒரு குளம், ஒரு சோலை, பிறகு "திரும்பி வரச் செய்" என்ற வேண்டுதல். மெட்டு தயாராக இருந்தது. வார்த்தைகள் தானாக வந்து உட்கார்ந்தன. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது மிகவும் சந்தோஷமாக இருந்தது. ஏழாவதை முடித்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் பாட்டுக்கு நானே அழுதேன் என்று யாரிடம் சொல்ல முடியும்? என் தாயாரை நினைத்து அழுதேனா, முனியனை நினைத்தா, அதுவும் தெளிவில்லை.

4

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு போனேன். முதல் வாரம் அஞ்சலையும் இன்னும் மூன்று பெண்களும் இருந்தார்கள். ஆவணிக்குள் பதினைந்து பேர் ஆனார்கள். எல்லார் வீட்டிலும் ஒருவர் சயாமுக்குப் போயிருந்தார். சுண்டலுக்கு வழியில்லை, மரவள்ளியை அவித்துப் படைத்தார்கள். தெய்வானைக்குக் குரல் நன்றாக இருக்கும் என்பதால் அவள் ஒரு அடி பாட, மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள்.

அவள் இப்போது நிப்பொங்கோ என்கிற ஜப்பான் பாஷை சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. காலையில் ஜப்பான் ராஜா இருக்கும் திசை என்று கிழக்கே பார்த்துக் குனிகிறாள். எண்ணச் சொன்னால் இச்சி, நி, சான் என்கிறாள். "அம்மா" என்று தமிழில் எழுதச் சொன்னால் புள்ளியை எங்கே வைப்பது என்று கேட்கிறாள். அங்கே அணிவகுத்து நடக்கும்போது பாடுகிற பாட்டின் வேகம் இந்தப் பதிகத்திலும் ஏறிவிட்டது. நாடகக்காரர் மெட்டுக்கே கொதித்தவர்கள் என் மகள் பாடுவதைக் கேட்டால் என்ன சொல்வார்களோ. புந்தோங் பெண்கள் அந்த வேகத்தில் கை தட்டிக்கொண்டு பாடினார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

ஒரு நாள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் கேட்டாள்: "அப்பா, ஏழாவது பாட்டுல பொழுதனிக்கும் மத்தியானம் மழ கொட்டுதுன்னு வருது. ஒங்க ஊர்ல மழையே பேயாதுன்னு சொன்னீங்களே?"

நான் நடையை வேகமாக்கினேன்.

"அது ஈப்போ மழைலா. நீங்களே எழுதிட்டீங்களா?"

"மறந்துபோனத இட்டு நிரப்புனேன். யாருகிட்டயும் சொல்லாதம்மா."

"சொல்ல மாட்டேன்" என்றாள். கொஞ்ச தூரம் போய், "ஸ்கூல்லயும் நாங்க அர்த்தம் தெரியாமத்தான் பாடுறோம், பரவால்லப்பா" என்றாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாளாம். பெற்ற பிள்ளையைப் பொய்க்குக் கூட்டாளியாக்கிவிட்டேன் என்று அன்றைக்கு மனசு மிகவும் கஷ்டப்பட்டது. ஆனாலும் அடுத்த வெள்ளிக்கிழமை போனேன்.

போகாமல் இருக்க முடியவில்லை. அங்கே அழுதுகொண்டு வருகிறவர்கள் பாடி முடித்து வீட்டுக்குப் போகும்போது பேச்சும் சிரிப்புமாகப் போனார்கள். அதில் ஐந்து பாட்டு என்னுடையது என்று தெரிந்தால் அந்தச் சிரிப்பு போய்விடும். பழைய ஐந்துக்கும் என் ஐந்துக்கும் வித்தியாசம் அவர்களுக்குத் தெரியவில்லையே, அப்படியானால் ஆயிரம் வருஷம் என்பதற்கு என்னதான் பொருள்? சாமிக்காவது தெரியுமா?

5

இந்த வருஷம் புரட்டாசியில் சயாமிலிருந்து சின்னப்பன் என்பவர் திரும்பி வந்தார். முனியனோடு ஒரே லாரியில் போனவர். கால் புண் எலும்பு வரை போயிருந்தது. அஞ்சலை குடிசையில் அவரை ஒரு பெட்டிமேல் உட்கார வைத்தார்கள். நானும் இருந்தேன்.

"வாந்தி பேதி வந்துச்சு. முனியன ஆஸ்பத்திரிக் கொட்டாய்க்குத் தூக்கிட்டுப் போனாங்க. அந்தக் கொட்டாய்க்குப் போன ஆளு யாரும் திரும்பி வரலம்மா" என்றார்.

"என்னா மாசம்ணே?" என்று அஞ்சலை கேட்டாள்.

"அங்க ஏது மாசம்? மழக்காலம், அவ்வளவுதான் தெரியும்."

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"இல்லம்மா. மறுநா எங்கள வேற கேம்புக்கு ஓட்டிட்டாங்க."

பக்கத்திலிருந்த பெரியவர்கள் பேசி முடிவு செய்தார்கள். கண்ணால் பார்க்காவிட்டாலும் போனது போனதுதான், வருகிற ஞாயிற்றுக்கிழமை கருமாதி. அஞ்சலை நெற்றியில் பொட்டு அப்படியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதை அழிப்பார்கள்.

வியாழக்கிழமை காலை அவள் கடைக்கு வந்தாள். நான் மூங்கில் சீவிக்கொண்டிருந்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, ஒங்ககிட்ட மட்டும் சொல்றேன். நாலாவது வெள்ளிக்கெழம எனக்குக் காய்ச்சலு. பாடிக்கிட்டே கண்ணசந்துட்டேன். முழிச்சப்ப எட்டாவது ஓடுது. ஆறும் ஏழும் நான் பாடல. மொதல்லேருந்து பாடணும்னு சொன்னா எல்லாருக்கும் சுசாலா, வேலைக்குப் போற பொம்பளைங்க, கஷ்டப்படுவாங்கன்னு சொல்லாம இருந்துட்டேன்." முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "அதனாலதான் அவரு போயிட்டாரு. நான்தான் கொன்னுட்டேன்."

ஆறும் ஏழும். இரண்டும் என் பாட்டு. அதைப் பாடாமல் தூங்கியதற்கு இவள் தன்னைக் கொலைகாரி என்கிறாள். என் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தேன். அழுகை வந்துவிட்டது.

"அஞ்சல, நீ ஒரு தப்பும் பண்ணல. ஆறும் ஏழும் சாமி பாட்டே இல்ல. அஞ்சுலேருந்து ஒம்பது வரைக்கும் நான் கட்டுனது. எனக்கு மறந்துபோச்சு. தெரியும்னு பொய் சொல்லிட்டேன். நீ தூங்குனா என்ன, முழிச்சிருந்தா என்ன, அந்த அஞ்சையும் நாம யாருமே பாடல."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏமாற்றுக்காரா என்று கேட்கத்தான் வாயெடுக்கிறாள் என்று நினைத்தேன்.

"அப்ப நாம இன்னும் பத்தும் பாடவே இல்லையேண்ணே" என்றாள்.

முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"அதான் அவரு வரல. ஒரு வருஷமா அஞ்சு பாட்ட மட்டும் பாடிக்கிட்டு பத்துப் பாட்டுப் பலன் கேட்டா எப்படிண்ணே குடுக்கும் சாமி?"

அவளுடைய பழியை இறக்கி வைக்கப் போனேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

6

ஞாயிற்றுக்கிழமை கருமாதி நடக்கவில்லை. பொட்டை அழிக்கக் கிட்டே வந்த பெண்களிடம், பத்தும் பாடி முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாளாம். பெரியவர்கள் என்மேல் கோபமாக இருக்கிறார்கள். "செத்தவன எழுப்பி விட்டுட்டியேய்யா" என்று ஒருவர் சந்தையில் வைத்தே கேட்டார். வள்ளிக்கண்ணுவோ, உண்மையைச் சொன்னது சரிதான், ஆனால் சொல்லியிருக்கக் கூடாது என்கிறாள். இரண்டில் எதை எடுத்துக்கொள்வது? தெய்வானை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஐந்து பாட்டையும் அவள் பாடுவதை விட்டுவிட்டாள். பாட்டு அவளை விட்டாலும் ஊரை விடவில்லை என்பதை இன்று மத்தியானம்தான் பார்த்தேனே.

நானும் யோசித்துப் பார்க்கிறேன். முனியன் போன மழைக்காலம் நாங்கள் பாட ஆரம்பிக்கும் முன்னாலேயே இருக்கலாம். அப்படியானால் எந்தப் பாட்டாலும் ஆகப்போவது ஒன்றும் இல்லை. சின்னப்பன் கண்ணால் பார்க்கவில்லை என்பதும் உண்மை. அப்படியானால் அவன் எங்காவது இருக்கலாம். ஒரு வேளைக்கு அதை நம்புகிறேன், ஒரு வேளைக்கு இதை.

எழுதிக்கொண்டிருக்கும்போதே அஞ்சலை வந்துவிட்டாள். கருமாதி நின்ற நாளிலிருந்து தினமும் வருகிறாள். பாதி சாத்திய கதவைத் தள்ளிக்கொண்டு வந்து காகிதத்தைப் பார்த்தாள். எழுத்துத் தெரியாது.

"ஊருக்காண்ணே?"

"ஆமா."

"அந்த அஞ்சு பாட்டையும் கேட்டு எழுதிட்டீங்களா?"

எழுதவில்லை. கேட்கலாமா கூடாதா என்று தெரியாமல்தான் இவ்வளவு நேரம் வேறு எதையெல்லாமோ எழுதிக்கொண்டிருந்தேன். நீங்கள் சரியான ஐந்தையும் அனுப்பி, அவள் பத்தையும் குறைவில்லாமல் பாடி முடித்து, அதன் பிறகும் அவன் வராவிட்டால் அவளுக்கு நான் என்ன சொல்வேன்? அவள் எதிரே நிற்கிறாள். ஆகையால் கேட்கிறேன். என் தாயார் இருந்தால் அவர்களிடம், இல்லாவிட்டால் நம் தெருப் பெண்கள் யாரிடமாவது கேட்டு, ஐந்தாவது முதல் ஒன்பதாவது வரை ஒரு எழுத்து மாறாமல் எழுதி வையுங்கள். தபால் திறந்ததும் அனுப்புங்கள்.

"எழுதிட்டேன்" என்றேன்.

"அவரு பேரப் போட்டீங்களா?"

"அவரு பேரு எதுக்கும்மா?"

"பாட்டு வந்து சேர நாளாகும்லா. அதுவரைக்கும் அங்கேயே அவருக்காக ஒருதரம் பாடச் சொல்லுங்கண்ணே. எந்த முனியன்னு தெரியாம பாடுனா, வேற யாராச்சும் வந்துரப் போறாங்க."

முனியன். தகப்பன் பெயர் கறுப்பன். வலது புருவத்தில் வெட்டுத் தழும்பு உண்டு.